சிக்னல் ஏபிகேயும் அதன் மூல நிரலும்: கட்டிப் பார்த்து ஒப்பிடுவது எப்படி

செய்திச் செயலியான சிக்னலின் ஆண்ட்ராய்ட் மூல நிரல், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடக்கிறது. யாரும் எடுத்துப் படிக்கலாம். ஆனால் பிளே ஸ்டோரிலிருந்து நம் கைபேசிக்கு வந்து இறங்குவது அந்த நிரல் அல்ல. அதை எங்கோ ஒரு கணினியில் கம்பைல் செய்து, கையொப்பமிட்டு, ஏற்றிய ஏபிகே கோப்பு. இரண்டும் ஒன்றுதான் என்பதற்கு என்ன சான்று? பெரும்பாலான திறந்த மூலச் செயலிகளைப் பொறுத்தவரை, ஆக்குநரின் வாய்ச்சொல்தான் சான்று. சிக்னலுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. 2016 மார்ச்சில், 3.15.0 பதிப்பிலிருந்து, மூல நிரலை நம் கணினியிலேயே கட்டி, பிளே ஸ்டோரில் வந்த ஏபிகேயோடு உள்ளடக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க வழி செய்து கொடுத்தார்கள். அப்போது அந்த அமைப்பின் பெயர் ஓப்பன் விஸ்பர் சிஸ்டம்ஸ்.

அந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்த்ததன் ஆய்வு இது. செயலியைக் கம்பைல் செய்து ஓட வைப்பது இதில் சிறிய பகுதிதான். இரண்டு வெவ்வேறு கணினிகள் ஒரே நிரலிலிருந்து ஒரே கோப்பை உருவாக்கும்படி செய்வதில்தான் உழைப்பு முழுவதும் போகிறது. நிரலைத் திறந்து வைப்பவர்கள் ஏராளம். அது கட்டப்பட்ட சூழலையும் சேர்த்துத் திறந்து வைப்பவர்கள் சொற்பம். சூழலை மறைத்துக்கொண்டு நிரலை மட்டும் காட்டுவது பாதித் திறப்புதான் என்பது என் கட்சி.

நிரலில் இல்லாதது கோப்பில் நுழைந்த கதைகள்

இந்தச் சந்தேகம் அதீதமானதாகத் தோன்றலாம். நடந்த இரண்டைச் சொல்கிறேன்.

2015 செப்டம்பரில் வெளியே தெரிந்தது எக்ஸ்கோட்கோஸ்ட். சீனாவில் ஆப்பிளின் சர்வரிலிருந்து ஐபோன் செயலிகளைக் கட்டும் கருவியான எக்ஸ்கோடைத் தரவிறக்க நெடுநேரம் ஆகும் என்பதால், பைடுவின் கோப்புப் பகிர்வில் கிடைத்த பிரதியைப் பல நிரலாளர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்தப் பிரதியில் யாரோ கை வைத்திருந்தார்கள். அதில் கட்டிய செயலி ஒவ்வொன்றிலும் கூடுதல் நிரல் ஒன்று ஒட்டிக்கொண்டது. ஐபோனுக்கான வீசாட் 6.2.5 அப்படிப் பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று. அந்தச் செயலிகளின் மூல நிரலை வரி வரியாகப் படித்திருந்தாலும் எதுவும் அகப்பட்டிருக்காது. கோளாறு கட்டும் கருவியில் இருந்தது.

2024 மார்ச் 29 அன்று ஆந்திரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் அம்பலப்படுத்திய, லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் விவகாரம் இன்னும் நுட்பமானது. தொலைவிலுள்ள கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து அவர் நூல் பிடித்துப் போனார். 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுத் தொகுப்பில் கட்டும் முறையைச் சொல்லும் ஒரு எம்4 கோப்பில், பின்கதவைத் தூண்டிவிடும் வரிகள் இருந்தன. நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் அந்த வரிகள் இல்லை. களஞ்சியத்தைப் படித்தவர்களுக்கும் தொகுப்பை எடுத்துக் கட்டியவர்களுக்கும் கிடைத்தது வேறு வேறு பொருள்.

இரண்டிலும் ஓட்டை ஒரே இடத்தில்தான். நிரலுக்கும் கோப்புக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பாதையை வெளியாள் யாரும் நடந்து பார்க்கவில்லை.

முதலில் பதிப்பைப் பிடிக்க வேண்டும்

கைபேசியில் சிக்னலின் அமைப்புகளுக்குப் போய், உதவிப் பக்கத்தில் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். களஞ்சியத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதே எண்ணில் ஒரு டேக் (பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) இருக்கும். முதன்மைக் கிளையை எடுத்துக் கட்டினால் செயலி ஓடும், ஒப்பீட்டுக்கு உதவாது. பிளே ஸ்டோர் புதிய பதிப்பை எல்லோருக்கும் ஒரே நாளில் தள்ளுவதில்லை. களஞ்சியம் முன்னே போயிருக்க, கைபேசி பழைய பதிப்பிலேயே நிற்கும். ஒப்பிட்டு முடிக்கும் வரை தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் கட்டி முடிப்பதற்குள் கைபேசியில் பதிப்பு மாறிவிடும்.

முழு வரலாற்றோடு கிளோன் செய்தால் தரவு நிறையச் செலவாகும். அந்த டேக்கை மட்டும், ஒரு கமிட் (பதிவு செய்த மாற்றம்) ஆழத்துக்கு எடுத்தால் போதும். அதற்காகக் கிட்ஹப் தரும் ஜிப்பை எடுத்துவிடக் கூடாது. காரணம் சுவாரஸ்யமானது. சிக்னலின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு: கட்டப்பட்ட நேரத்திலிருந்து 90 நாள் கழிந்தால் "இந்தப் பதிப்பு காலாவதியாகிவிட்டது" என்று செய்தி அனுப்ப மறுத்துவிடும். ஆகவே கட்டப்பட்ட நேரம் ஏபிகேக்குள் ஒரு மாறிலியாகப் பதிந்திருக்க வேண்டும். கணினிக் கடிகாரத்தைப் பார்த்துப் பதித்தால் ஒவ்வொரு பில்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதனால் செயலியைக் கட்டும் கருவியான கிரேடிலுக்கு எழுதிய நிரல், கடைசி கமிட்டின் நேரத்தைக் கிட்டிடம் கேட்டு அதையே "கட்டப்பட்ட நேரம்" என்று எழுதிவிடுகிறது. அந்த டேக்கை உலகின் எந்த மூலையில் எப்போது கட்டினாலும் எண் ஒன்றுதான். ஜிப்பில் கிட் வரலாறு இல்லை, கேட்கவும் ஆளில்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். களஞ்சியத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி கமிட் செய்தால்கூட அந்த எண் மாறும், கம்பைல் செய்த நிரல் இருக்கும் டெக்ஸ் கோப்பு மாறும், ஒப்பீடு தோற்கும். டேக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே கை வைக்காமல் கட்ட வேண்டும். ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவில் ஏற்கெனவே திறந்து பார்த்த ஃபோல்டரும் வேண்டாம். ஸ்டுடியோ அதில் நம் கணினியில் ஆண்ட்ராய்டின் கருவித்தொகுப்பான எஸ்டிகே இருக்கும் இடத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும். எல்லாக் கணினியிலும் ஒரே கட்டும் சூழலைத் தரும் டாக்கருக்குள் அந்த இடம் இருக்காது, பில்ட் தொடக்கத்திலேயே நிற்கும்.

டாக்கர் எதற்கு

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "எதுக்குண்ணே டாக்கரு, ஸ்டுடியோவுல ரன் அடிச்சா ஆப் வந்துருமே?" வரும். ஜாவாவின் கருவித்தொகுப்பான ஜேடிகே, எஸ்டிகே, கொஞ்சம் பொறுமை இருந்தால் சிக்னலின் டீபக் (சோதனை) பில்ட் நன்றாகவே வரும். திரையின் நிறத்தை மாற்றிப் பார்க்கவோ ஒரு வழுவைத் துரத்தவோ அதுவே போதும். ஆனால் அது அவருடைய கணினியின் பில்ட். ஜேடிகேயின் சிறு பதிப்பு, எஸ்டிகே கருவிகளின் பதிப்பு, மொழி அமைப்பு, விண்டோஸ் என்றால் வரி முடிவுக் குறி என்று எத்தனையோ சங்கதிகள் கோப்புக்குள் கசியும்.

அதனால் களஞ்சியத்தில் தனி ஃபோல்டர் ஒன்றில் சூழலை விவரிக்கும் டாக்கர்ஃபைல் வைத்திருக்கிறார்கள். எந்த அடிப்படை இமேஜ் (உறையவைத்த சூழல்), எந்த ஜேடிகே, எந்த எஸ்டிகே கருவிகள் என்பதெல்லாம் அதில் நிலைநிறுத்தப்பட்டிருக்கும். டாக்கர் உலகில் இமேஜின் பெயர் நிலையற்றது. அதே பெயரில் நாளை வேறு இமேஜ் வந்துவிடும். நம்ப வேண்டியது, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹேஷ் மதிப்பைத்தான். பதிப்புக்குப் பதிப்பு இந்த டாக்கர்ஃபைலும் மாறும். போன மாதம் கட்டிய இமேஜை வைத்துக்கொண்டு இன்றைய டேக்கைக் கட்டினால் பெரும்பாலும் பொருந்தும், சில சமயம் பொருந்தாது. எதனால் என்று தேடி அலைய வேண்டியிருக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் அதிலுள்ள டாக்கர்ஃபைலிலிருந்தே இமேஜைக் கட்டிவிடுவது மேல்.

சூழல் ஒருபுறம் இருக்க, நூலகங்கள் மறுபுறம். சிக்னல் தன் சொந்த நிரலோடு ஏராளமான வெளி நூலகங்களையும் மேவன் என்ற நூலகக் களஞ்சியங்களிலிருந்து இழுத்துக்கொள்கிறது. நடுவில் யாராவது ஒரு நூலகக் கோப்பை மாற்றி வைத்தால்? இந்தக் கேள்விக்கு இவர்கள் முன்பே விடை தேடியவர்கள். கிரேடில் விட்னஸ் என்று ஒரு செருகுநிரலை எழுதி, ஒவ்வொரு நூலகத்துக்கும் ஹேஷைக் குறித்து வைத்தார்கள். பிறகு 2020-இல் கிரேடில் 6.2 அந்த வசதியைத் தனக்குள்ளேயே கொண்டுவந்தது. இப்போது களஞ்சியத்தின் கிரேடில் ஃபோல்டரில் நீண்ட எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று இருக்கிறது. இறங்கும் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 மதிப்பு அதில் இருக்கும். ஒரு மதிப்பு பிசகினாலும் பில்ட் நின்றுவிடும். திறந்து பார்த்தால் தலை சுற்றும் கோப்பு, ஆனால் இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பல நிறுவனச் செயலிகளில் இந்த ஒரு காரியம்கூடக் கிடையாது.

பில்ட்

கட்ட வேண்டிய வகையைச் சரியாகத் தேர வேண்டும். பிளே ஸ்டோருக்கு ஒன்று, சிக்னலின் தளத்திலிருந்து நேராக இறக்குவதற்கு ஒன்று என வகைகள் உண்டு. உண்மைச் சர்வரா சோதனைச் சர்வரா என்பது இன்னொரு தேர்வு. பிளே ஸ்டோரிலிருந்து வந்ததோடு ஒப்பிட வேண்டுமானால் பிளே வகை, உண்மைச் சர்வர், ரிலீஸ் என்ற சேர்க்கையை பண்டிலாக (பிளே ஸ்டோருக்கு அனுப்பும் தொகுப்பாக) கட்ட வேண்டும். டீபக் பில்டை வைத்து ஒப்பிட முடியாது. ரிலீஸில் ஆர்8 என்ற கருவி பயன்படாத நிரலை வெட்டி எறிந்திருக்கும், இரண்டும் அடையாளமே தெரியாத அளவு வேறுபடும்.

8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் இது மூச்சு வாங்கும். பாதி வழியில் கிரேடிலின் டீமன் எதிர்பாராமல் மறைந்துவிட்டது என்ற செய்தியோ, 137 என்ற எண்ணோ வந்தால் நிரலில் குறை தேட வேண்டாம். 137 என்பது 128-ஓடு 9. ஒன்பதாம் எண் சிக்னலைக் கொண்டு யாரோ அந்தச் செயல்முறையைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள் (இந்தச் சிக்னல் லினக்ஸின் சிக்னல், செயலி அல்ல). கொன்றது பெரும்பாலும் கெர்னல்தான், நினைவகம் தீர்ந்துபோனதால். பிரௌசரை மூடுவது, ஸ்வாப் இடத்தைக் கூட்டுவது, மேக்கில் என்றால் டாக்கருக்கு ஒதுக்கிய நினைவகத்தை உயர்த்துவது ஆகியவைதான் மருந்து.

அடுத்த தொல்லை உரிமை பற்றியது. டாக்கர் தன் போக்கில் ரூட்டாக, அதாவது கணினியின் நிர்வாகியாக, ஓடும். பில்ட் முடிந்து பார்த்தால் வெளியீட்டு ஃபோல்டர் ரூட் பெயரில் இருக்கும், அழிக்கக்கூட அனுமதி கிடைக்காது. இதன் மறுபக்கம் இன்னும் குழப்பமானது. 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 முதல், வேறொருவருக்குச் சொந்தமான ஃபோல்டரில் கிட் வேலை செய்ய மறுக்கும். "சந்தேகத்துக்குரிய உரிமை" என்று சொல்லிவிடும். கன்டெய்னருக்குள் ரூட், வெளியே ஃபோல்டர் நம் பெயரில். கடைசி கமிட்டின் நேரத்தைக் கிட்டிடம்தானே கேட்க வேண்டும்? கிட் வாயை மூடிக்கொண்டால் அந்த எண் எங்கிருந்து வரும்? கன்டெய்னரை நம் பயனர் எண்ணிலேயே ஓட்டினால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீரும்.

கைபேசியில் இருப்பதை வெளியே எடுப்பது

பிளே ஸ்டோர் வழியாக வரும் செயலி இப்போது ஒற்றைக் கோப்பு அல்ல. 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோருக்கு வரும் புதிய செயலிகள் பண்டில் வடிவில்தான் வர வேண்டும் என்று கூகுள் விதித்தது. பண்டிலிலிருந்து ஒவ்வொரு கைபேசிக்கும் ஏற்ற துண்டுகளை அது வெட்டிக் கொடுக்கும். சிக்னலைப் பொறுத்தவரை, அடிப்படை ஏபிகே ஒன்று, கைபேசியின் சிபியுவுக்கு ஏற்ற நேட்டிவ் நூலகங்களைக் கொண்ட துண்டு ஒன்று, திரையின் அடர்த்திக்கு ஏற்ற படங்கள் கொண்ட துண்டு ஒன்று என இருக்கும்.

யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியிலிருந்து கைபேசிக்குக் கட்டளையிடும் ஏடிபி கருவி மூலம் செயலியின் பொதிப் பெயரைக் கேட்டால் இந்தக் கோப்புகள் இருக்கும் பாதை கிடைக்கும். சிக்னலின் பொதிப் பெயரில் சிக்னல் என்ற சொல்லே இருக்காது. ஓஆர்ஜி, தாட்கிரைம், செக்யூர்எஸ்எம்எஸ் என்று வரும். 2010-இல் டெக்ஸ்ட்செக்யூர் என்ற பெயரில் குறுஞ்செய்திச் செயலியாகத் தொடங்கிய காலத்துப் பெயர் அது. 2015 நவம்பரில் ரெட்ஃபோனும் டெக்ஸ்ட்செக்யூரும் சேர்ந்து சிக்னல் ஆனபோது பெயர்ப்பலகை மாறியது. பொதிப் பெயரை மாற்றினால் ஆண்ட்ராய்ட் அதை வேறொரு செயலியாகப் பார்க்கும் என்பதால் அது அப்படியே நின்றுவிட்டது.

ஏபிகேயை எங்காவது பிரதித் தளத்திலிருந்து இறக்கி ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். அந்தத் தளத்தில் இருக்கும் கோப்பு நல்லது என்று தெரியும், அவ்வளவுதான். நம்முடைய கைபேசிக்கு மட்டும் வேறொன்றை அனுப்பியிருந்தால்? அதற்காகத்தான் இந்த ஏடிபி வேலை.

நாம் கட்டிய பண்டிலையும் அதேபோல் வெட்ட வேண்டும். பண்டில்டூல் என்ற கூகுளின் கருவி, இணைத்திருக்கும் கைபேசியைக் கேட்டுத் துண்டுகளைப் போடும். கோப்புப் பெயர்கள் இரு பக்கமும் வேறு மாதிரி இருக்கும். மாற்றி வைத்துக்கொண்டால் போதும்.

ஒப்பீடு

இரண்டு பக்கத்து அடிப்படை ஏபிகேக்கும் எஸ்எச்ஏ-256 போட்டுப் பார்த்தால் கண்டிப்பாக வேறு வேறு மதிப்பு வரும். வரத்தான் வேண்டும். ஒன்றில் கையொப்பம் இருக்கிறது, மற்றதில் இல்லை. கையொப்பமிடும் சாவி நம்மிடம் கிடையாது, இருந்தால் அதைவிடப் பெரிய கோளாறு வேறில்லை. பழைய முறைக் கையொப்பம் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் சில கோப்புகளாக இருக்கும். ஆண்ட்ராய்ட் 7.0-வோடு வந்த இரண்டாம் முறைக் கையொப்பம், ஜிப்பின் உள்ளடக்கத்துக்கும் அதன் பொருளடக்கப் பட்டியலுக்கும் நடுவில் தனிக் கட்டமாக உட்கார்ந்திருக்கும்; ஜிப்பைப் பிரித்தால் கண்ணில் படாது.

ஆகவே கோப்பாக ஒப்பிடாமல், உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். அதற்குச் சிக்னலே ஒரு பைத்தான் நிரல் கொடுத்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் ஏபிகேக்கள் பொருந்துகின்றன என்று ஒரே வரியில் சொல்லும்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சான்று தர வேண்டிய தரப்பே சோதிக்கும் கருவியையும் எழுதித் தந்திருக்கிறது. அதனால் அந்த நிரலைத் திறந்து படிக்காமல் அதன் தீர்ப்பை ஏற்பதில் பொருளில்லை. நல்லவேளை, ஒரு மாலையில் படித்து முடிக்கக்கூடிய அளவுதான். படிக்கும்போது ஒரே கேள்வி: எதையெல்லாம் இது பார்க்காமல் விடுகிறது? கையொப்பக் கோப்புகளை விடுகிறது, நியாயம். அடுத்தது மேனிஃபெஸ்ட், செயலி கேட்கும் அனுமதிகளைப் பட்டியலிடும் கோப்பு. பிளே ஸ்டோர் வெட்டிக் கொடுக்கும்போது மேனிஃபெஸ்டில் தன் முத்திரையாகச் சில வரிகளைச் சேர்க்கிறது. இந்தச் செயலி பிளே ஸ்டோரிலிருந்து வந்தது என்று சொல்லும் வரிகள். நம் பக்கத்தில் அவை இருக்காது. அதற்காக மேனிஃபெஸ்டையே ஒப்பிடாமல் விட்டால் அனுமதிகளைச் சத்தமில்லாமல் கூட்டிவிடலாமே! எனவே மேனிஃபெஸ்டைப் பிரித்துப் படித்து, தெரிந்த அந்த வரிகளை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை ஒப்பிட வேண்டியிருக்கிறது. விலக்கு ஒவ்வொன்றும் ஒரு கதவு. கதவுகள் குறைவாகவும் குறுகலாகவும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

ஜிப்பைத் திறந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை கிடைக்கும். உள்ளே இருக்கும் கோப்புகளின் தேதி 1981 ஜனவரி 1 என்று காட்டும். யாரும் கடிகாரத்தைத் தவறாக வைக்கவில்லை. ஜிப் வடிவத்தின் காலம் 1980-இல்தான் தொடங்குகிறது. ஆண்ட்ராய்டின் பில்ட் கருவி எல்லாக் கோப்புக்கும் இந்த ஒரே பொய்த் தேதியைப் போட்டுவிடுகிறது. கோப்பு உருவான உண்மை நேரம் உள்ளே போனால் எந்த இரண்டு பில்டும் ஒன்றாக இருக்காது.

பொருந்தாமல் போனால்

முதல் வேலை, பதற்றப்படாமல் இருப்பது. பொருந்தவில்லை என்றாலே பின்கதவு என்று சமூக ஊடகத்தில் எழுதிவிடுபவர்கள் உண்டு. சிக்னலின் வழு அறிக்கைகளில் இப்படிப் பொருந்தாமல் போனவை அவ்வப்போது வந்திருக்கின்றன. இம்மாதிரி வேறுபாடுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது கருவிகளின் குணம்தான்.

எந்தக் கோப்பில் வேறுபாடு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டயஃபோஸ்கோப் என்ற கருவி இதற்கென்றே பிறந்தது. டெபியனில் 2013 வாக்கில் சூடுபிடித்த மறுஉருவாக்க பில்ட் முயற்சியிலிருந்து வந்த பிள்ளை அது. ஏபிகேக்குள் இருக்கும் டெக்ஸ், டெக்ஸுக்குள் இருக்கும் வகுப்பு என்று உள்ளே உள்ளே பிரித்துக்கொண்டு போய் மனிதர் படிக்கும்படி வேறுபாட்டைக் காட்டும்.

டெக்ஸில் ஒரே ஒரு எண் மட்டும் வேறு என்றால் கமிட் நேரத்தைச் சந்தேகிக்கலாம். வகுப்புகள் எல்லாம் இருக்கின்றன, வரிசை மட்டும் மாறியிருக்கிறது என்றால் அது இணைச் செயலாக்கத்தின் வேலையாக இருக்கலாம். கணினியில் எத்தனை சிபியு கோர் இருக்கிறது என்பதைப் பொறுத்து வெளியீடு மாறும் வழு ஆர்8-இல் இருந்தது. திறந்த மூலச் செயலிகளுக்கான கடையான எஃப்-டிராய்டின் குழுவினர் அதைக் கண்டுபிடித்து, பில்டுக்குக் கொடுக்கும் கோர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திச் சமாளித்தார்கள். நான்கு கோர் மடிக்கணினிக்கும் பெரிய சர்வருக்கும் ஒரே நிரல் இரண்டு கோப்பு தருகிறது என்பதை முதலில் கேட்கும்போது நம்பவே தோன்றாது. படங்களில் வேறுபாடு என்றால் பிஎன்ஜி சுருக்கும் கருவி. உரைக் கோப்பு ஒவ்வொரு வரியிலும் வேறுபட்டால் விண்டோஸ் வரி முடிவு. பேஸ்லைன் புரொஃபைல் என்ற சிறு கோப்பும் இந்த வகையில் பெயர் கெட்டதுதான்.

இவை எதிலும் அடங்காமல், டெக்ஸுக்குள் நம் பக்கத்தில் இல்லாத ஒரு முழு வகுப்பு அங்கே இருந்தால், அப்போது கவலைப்படலாம்.

பொருந்தியபின்

பொருந்தியது என்ற வரி வந்ததும் தோன்றும் நிறைவு நியாயமானதே. ஜாவா, கோட்லின் நிரல் முழுவதும், படங்கள், திரை வடிவங்கள், கேட்கும் அனுமதிகள் எல்லாமே அந்த டேக்கில் இருப்பவைதான் என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் குறியாக்கம் நடக்கும் இடம் எது? அது லிப்சிக்னல், ரஸ்ட் மொழியில் எழுதியது. அழைப்புகளைக் கவனிப்பது ரிங்ஆர்டிசி. இரண்டும் முன்பே கம்பைல் செய்த நேட்டிவ் நூலகங்களாக இறங்குபவை. நம் பில்ட் அவற்றைக் கட்டவில்லை. இறக்கி, ஹேஷைச் சரிபார்த்து, அப்படியே உள்ளே வைத்தது. இரு பக்கமும் ஒரே கோப்பு என்பதால் பொருந்தத்தான் செய்யும். அந்தக் கோப்பு அதன் ரஸ்ட் நிரலிலிருந்துதான் வந்ததா என்பது தனிக் கேள்வி, அவற்றின் களஞ்சியங்களுக்குப் போய்த் தனியாகக் கட்டிப் பார்க்க வேண்டியது. செயலியின் உயிர்நாடி அங்கே இருக்க, இங்கே கிடைத்த ஒரு வரியைக் காட்டி "சிக்னலை முழுக்கச் சரிபார்த்துவிட்டேன்" என்று சொல்வது மிகை.

பிளே வகையில் கூகுளின் மூடிய நூலகங்களும் இருக்கின்றன; அறிவிப்புகள் அவற்றின் வழியாக வருகின்றன. அவற்றுக்கு மூல நிரலே கிடையாது. சர்வர் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது. 2020 ஏப்ரல் முதல் 2021 ஏப்ரல் வரை ஏறக்குறைய ஓராண்டு சிக்னலின் சர்வர் நிரல் பொதுவில் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. அந்தக் காலத்திலும் செயலியின் ஒப்பீடு அதன் போக்கில் நடந்திருக்கும். கம்பைலரே நம்பத்தகுந்ததா என்று 1984-இல் கென் தாம்ப்சன் தன் டூரிங் விருது உரையில் எழுப்பிய கேள்வியும் அப்படியே நிற்கிறது. டாக்கர் இமேஜுக்குள் இருக்கும் ஜேடிகேயைக் கட்டியது நாம் இல்லையே.

இதையெல்லாம் சொல்வது சோதனையைச் சிறுமைப்படுத்த அல்ல. பொய் சொல்ல வேண்டுமானால் இனி பொதுவில், டேக் போட்டு, எல்லோர் கண் முன்னாலும் சொல்ல வேண்டும் என்ற நிலைக்கு ஆக்குநரைத் தள்ளியிருப்பது சாதாரணக் காரியமல்ல.

கட்டியதையே பயன்படுத்தலாமா

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய பிறகு அதையே கைபேசியில் போட்டுக்கொள்ளலாமே என்ற ஆசை வரும். பிளே ஸ்டோர் சிக்னல் இருக்கும் கைபேசியில் அது ஏறாது. பொதிப் பெயர் ஒன்று, கையொப்பம் வேறு, ஆண்ட்ராய்ட் மறுத்துவிடும். பழையதை நீக்கினால் செய்திகள் அத்தனையும் அதோடு போகும். காப்புநகல் எடுத்து, அதன் கடவுத்தொடரையும் எழுதி வைத்த பிறகே அந்தப் பொத்தானில் கை வைக்க வேண்டும். பதிவு செய்யும்போது ஓடிபி தானாக நிரம்பாது, ஏனென்றால் அந்தக் குறுஞ்செய்தி கையொப்பத்திலிருந்து பிறந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் செயலியிடம் சேரும். கையால் தட்ட வேண்டியதுதான். பிறகு அந்த 90 நாள் கணக்கு. தானியங்கிப் புதுப்பிப்பு இல்லை. புதிய டேக்கை எடுத்து, அதே சாவியால் கையொப்பமிட்டு, நாமே ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாவியைத் தொலைத்தால் மீண்டும் நீக்கம், மீண்டும் காப்புநகல். தனக்காக மட்டும் இதைச் செய்பவரை நான் தடுக்க மாட்டேன். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வந்த அன்றே கட்டி ஏற்றும் ஒழுக்கம் இல்லாவிட்டால் பிளே ஸ்டோர் சிக்னலே பாதுகாப்பானது.

மற்றவர்களுக்கும் கட்டிக் கொடுக்கலாமா என்றால், அங்கே உரிமம் ஒரு திசையிலும் நிறுவனம் வேறு திசையிலும் இழுக்கும். கூகுள் சேவைகள் இல்லாமல் கட்டப்பட்ட லிப்ரேசிக்னல், 2016-இல் சிக்னலைத் தொடங்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக்கின் எதிர்ப்பைச் சந்தித்தது. நிரலை எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் பெயரையும் எங்கள் சர்வரையும் பயன்படுத்தாதீர்கள் என்பது அவர் நிலைப்பாடு. லிப்ரேசிக்னல் நின்றுபோனது. மாலி என்ற கிளை வேறு பெயரில் இன்றும் ஓடுகிறது, சிக்னலின் சர்வர்களோடுதான் பேசுகிறது. கூகுளின் மூடிய நூலகங்கள் இல்லாத வகையும் அதில் உண்டு. மேலே சொன்ன மூடிய நூலகங்கள் உறுத்தினால் போக வேண்டிய இடம் அது.

ஐபோன்காரர்களுக்கு இந்தப் பாதை இல்லை. ஆப் ஸ்டோர் செயலிகளை ஆப்பிள் குறியாக்கம் செய்தே அனுப்புகிறது; கட்டுடைக்காத ஐபோனிலிருந்து உள்ளடக்கத்தை வெளியே எடுத்து ஒப்பிட வழி கிடையாது. டெலிகிராம் ஐபோன் செயலிக்கும் இப்படி ஒரு சரிபார்ப்பு முறையைத் தந்திருக்கிறது, ஆனால் அதற்கு ஜெயில்பிரேக் செய்த கைபேசி ஒன்று வேண்டும்.